சாமி சேலையைப் புரட்டிப் பார்த்தேன்

நான் செவிலிமேட்டில் பட்டு நெய்பவள். போன ஆடியில் கணவரோடு ஜவ்வாது மலையில் ஒரு சிற்றூர்த் திருவிழாவுக்குப் போயிருந்தேன். மரத்தடியில் சாமிக் கல்லுக்குச் சேலை சாத்தியிருந்தார்கள். எந்தச் சேலையைக் கண்டாலும் உள்பக்கம் புரட்டி நெசவைப் பார்ப்பது எங்கள் தொழில்புத்தி. கை தானாக முந்தானையைப் புரட்டிவிட்டது.

மேளம் நின்றது. பூசை முடியும்வரை அதை யாரும் தொடக்கூடாதாம். ஊரே சூழ்ந்துகொண்டது.

“இங்க நின்னுக்கினு வம்புல மாட்டிக்காத, வண்டில ஏறு” என்று கணவர் இழுத்தார்.

“தொட்டது நானு. ஓட மாட்டேன்” என்றேன்.

பூசாரி, “மேளத்த மொதல்லேருந்து அடிக்கணும். முடியறவரைக்கும் இங்கயே நில்லும்மா” என்றார். வெயிலில் வெறுங்காலோடு நின்றேன். முடிந்ததும் அவரே கூழ் ஊற்றிக் கொடுத்தார்.

“ஒரு துணிக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா?” என்று வழியெல்லாம் கணவர் முணுமுணுத்தார்.

“நம்ம தறிக்கு நீட்டி வெச்ச பாவு நூல செருப்புக்காலோட ஒருத்தன் தாண்டினா சும்மா இருப்பீங்களா?” என்றேன்.

இப்போது எங்கே போனாலும் கேட்டுவிட்டுத்தான் தொடுகிறேன். என் தறியில் கை வைக்க வருகிறவர்களையும் கேட்கச் சொல்கிறேன். “சேல வாங்க வர்றவங்க கோச்சிக்குவாங்க” என்கிறார் கணவர். கோபித்துக்கொள்ளட்டும். நான் வெயிலில் நின்றவள்.