பதினோரடி லொறி

ஐந்தாம் வகுப்பை முழுதாகப் படிக்காதவன் நான். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. மாட்டுவண்டில் சில்லுக்கு ஆரக்கால் செதுக்கிய இதே கையால்தான், கப்பலில் மொட்டையாக வந்திறங்கிய லொறிகளுக்கு உடம்பு கட்டினேன். மொட்டை என்றால் என்ன? ஒரு எஞ்சின், நாலு சில்லு, இரண்டு இரும்புச் சட்டம் — அவ்வளவுதான். ஓட்டுகிறவன் இருக்க ஒரு பலகை கூட இருக்காது. மிச்சம் எல்லாம் இணுவிலில், என் பட்டறையில்.

புகையிலை லொறி ஏழு கட்டினேன். பஸ் மூன்று. மழைக்குப் பட்டறை ஒருமுறை விழுந்தது. இன்னொரு முறை தீப்பிடித்தது. “வண்டில் தச்சனுக்கு மோட்டார் ஏன்?” என்று சிரித்தவர்கள் பிறகு என் பஸ்ஸில் ஏறித்தான் கோயிலுக்குப் போனார்கள். யுத்தத்தில் பெற்றோல் இல்லாமல் ஊரே நின்றபோது, கரியை எரித்து அந்த வாயுவில் எஞ்சினை ஓட்டும் அடுப்பைப் பின்பக்கத்தில் பூட்டி இரண்டு லொறியை ஓடவைத்தேன். யார் சொல்லித் தந்தது? ஒருவரும் இல்லை.

பேப்பரில் என்னுடைய இந்தப் பக்கத்தை வாரா வாரம் வாசிக்கிறவர்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். கிழவன் திரும்பவும் தொடங்கிவிட்டான் என்று சிரிக்கிறீர்கள், இல்லையா? சிரியுங்கள். ஆனால் இந்த முறை கடைசிவரை வாசித்துவிட்டுச் சிரியுங்கள்...

போன செவ்வாய்க்கிழமை புத்தூர்ச் சந்திக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு புது வண்டியைச் சுற்றி ஒரே கூட்டம். வெங்காயத் தோட்டம் வைத்திருக்கும் தம்பிப்பிள்ளை வாங்கியது. அமெரிக்க வண்டி. முன்னால் பார்த்தால் கார், பின்னால் பார்த்தால் லொறி. ஊரில் இன்னும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. அரை லொறி என்கிறார்கள்.

கூட்டத்தின் நடுவில் கணக்கு மாஸ்ரர். சொந்தமாக அவரிடம் இருப்பது சைக்கிள். ஆனால் இங்கிலீசு மோட்டார்ப் புத்தகங்களைத் தபாலில் எடுப்பித்து வாசிக்கிற பைத்தியம். எந்த வண்டியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அவரைக் கேட்டால் போதும்.

“உதென்ன மாஸ்ரர், கியர்த் தடியைக் காணேல்லை?” என்றார் ஒருவர்.

“ஸ்ரேரிங்குக்குக் கீழை பாரும். மேலை ஏத்திப்போட்டாங்கள். இனி நடுவிலையும் ஒராள் இருக்கலாம்.”

“அப்ப மனிசியோடை மாமியையும் ஏத்தலாம் எண்டு சொல்லும்!”

“மாமிக்குத்தானே பின்னாலை பெட்டி கிடக்கு” என்றார் தம்பிப்பிள்ளை. சந்தி முழுக்கச் சிரிப்பு.

பிறகு எண்ணெயில் வேலை செய்யும் பிரேக். பிறகு வில்லுத் தகடு எத்தனை என்று குனிந்து எண்ணினார்கள். மாஸ்ரர் என்னைப் பார்த்தார்.

“யுத்தத்திலை டாங்கி செய்த தொழிற்சாலையள், அண்ணை. இப்ப வண்டி செய்யுது. ஒரு வாசலாலை தகடு போகுது, மற்ற வாசலாலை வண்டி வருது. உடம்பும் அங்கையே அடிச்சுத்தான் அனுப்புறாங்கள். இனி உங்களிட்டை ஆர் வரப்போகினம்?”

“துருப் பிடிக்கேக்கை வருவினம்” என்றேன். அதற்கும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தகட்டைத் தட்டிப் பார்த்தேன். நல்ல தகடு. பொய் சொல்லக்கூடாது.

விட்டுக்கொடுக்க மனம் வருமா? பின்பெட்டியைச் சாணால் அளந்தேன். ஆறரை அடி. “இந்த எஞ்சினுக்கு ஆறரைதானோ? நான் எண்டால் எட்டடி அடிச்சிருப்பன்.”

“அடிச்சிருப்பியள். பிறகு முன்சில்லு றோட்டிலை நிக்காது” என்றார் மாஸ்ரர். “கிணத்திலை துலா மிதிக்கிறதைப் பாத்ததில்லையோ, அண்ணை? ஒரு முனை பதிஞ்சால் மற்ற முனை கிளம்பும். பின் அச்சுக்கு அங்காலை பாரம் தொங்கத் தொங்க, முன்பக்கம் கிளம்பும். முன்சில்லு மண்ணை இறுக்கிப் பிடியாட்டி ஸ்ரேரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேரைதான் போகும்.”

நேரேதான் போகும்.

வண்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துத் தம்பிப்பிள்ளை சொன்னார்: “வண்டி நேரை போறதுக்குத் துலா என்னத்துக்கு, மாஸ்ரர்? வல்லிபுரம் மாதிரிக் கள்ளைக் குடிச்சுப்போட்டு ஓடினால் போதாதே! உந்தா, உந்த மதிலிலைதானே கொண்டுபோய் அடிச்சவன். இண்டைக்கு விடியவும் அவன்ரை பெண்சாதி வந்து, புது வண்டிக்கு அவனை டிறைவராய் வைக்கச் சொல்லிக் கேட்டுது. சொந்த மச்சானைச் சாகக் குடுத்தவனிட்டை என்ரை வண்டியைக் குடுக்கிறதோ?”

வல்லிபுரம் யார் என்று சொல்கிறேன்.

யுத்தத்துக்கு முந்திய கதை. மயிலிட்டியில் வள்ளங்கள் வைத்து மீன் தொழில் நடத்திய சம்மாட்டியார் ஒருவர் மொட்டை லொறி ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். வல்லிபுரம் அவருடைய டிறைவர். வண்டியோடு ஒரு கடதாசியும் வந்தது. அதில் லொறியின் படம், உடம்பு எங்கே முடியவேண்டும் என்று ஒரு கோடு, பக்கத்தில் ஒன்பது என்று இலக்கம். இங்கிலீசு தெரியாவிட்டாலும் எனக்கு இலக்கம் தெரியும்.

ஒன்பதடி! வீடு கட்டிய எவரையும் கேளுங்கள். மனையடிக் கணக்கில் எட்டு நல்லது, பத்து நல்லது, பதினொன்று பாலும் சோறும் குறையாத அடி. ஒன்பது? ஆயுளுக்கு ஆகாது. ஒன்பதடியில் ஓர் அறை கட்டித் தா என்றால் நம் பக்கத்தில் எந்த மேசன் அத்திவாரம் தோண்ட அலவாங்கைத் தொடுவான்? வெள்ளைக்காரனுக்கு அது தெரியவில்லை, பாவம் என்று நினைத்தேன்.

எட்டடி என்றால் ஏற்றுகிற மீன் கூடை குறையும். சம்மாட்டியார் “பதினொண்டு” என்றார். நானும் “பதினொண்டு” என்றேன். சட்டத்தை இரும்பு வைத்து நீட்டி, வன்னி முதிரை மரத்தில் உடம்பு அடித்து, நாள் பார்த்துத் தேங்காய் உடைத்துக் கொடுத்தேன். யாழ்ப்பாணத்தில் அவ்வளவு நீளமான மீன் லொறி அன்றைக்கு இல்லை. பார்த்தவர்கள் எல்லாம் மூக்கில் விரல் வைத்தார்கள்.

வீடு ஓடாது, லொறி ஓடும். இவ்வளவு சின்ன வித்தியாசம் எனக்குப் பிடிபடவில்லை.

இரண்டாம் கிழமை வல்லிபுரம் பட்டறைக்கு வந்தான். உள்ளே நாலைந்து பேர் இருந்தார்கள்.

“அண்ணை, பாரம் ஏத்தினால் முன்பக்கம் மிதக்குது. ஸ்ரேரிங் வலு இலேசாய்க் கிடக்கு.”

“இலேசெண்டால் நல்லதுதானே? கை நோகாது.”

“பகிடி விடாதேங்கோ. பின்னாலை ரண்டடி வெட்டிவிடுங்கோ.”

“வெட்டினால் ஒன்பது. ஒன்பதிலை ஓட நீ ஆயத்தமோ?”

அவனும் நல்ல நாள் பார்க்காமல் புதுச் சட்டை போடாதவன். அதோடு நான் விட்டிருக்கலாம். விடவில்லை. “வண்டியிலை பிழையில்லையடா. பிழை உன்ரை கையிலைதான்” என்றேன். இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் போய்விட்டான்.

அந்த வருட மாரிமழைக் காலம். காலை நேரம். மயிலிட்டியிலிருந்து அச்சுவேலிப் பக்கத்தால் வந்து, புத்தூர்ச் சந்தியில் திரும்பிச் சாவகச்சேரிச் சந்தைக்குப் போகவேண்டும். கூடை நிறைய மீன். கடைசிப் பலகையில் வல்லிபுரத்தின் மச்சான் செல்லத்துரை இருந்தான் — வல்லிபுரத்தின் பெண்சாதி பாக்கியத்துக்கு ஒரே தம்பி. சந்தியில் லொறி திரும்பவில்லை. மதிலில் ஏறிக் கவிழ்ந்தது. செல்லத்துரை அந்த இடத்திலேயே போய்விட்டான்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வல்லிபுரத்தின் தலையெல்லாம் கட்டு. என்னைக் கண்டதும் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

“ஸ்ரேரிங்கைத் திருப்பினனான், அண்ணை. சில்லும் திரும்பினது. வண்டி திரும்பேல்லை.”

விசாரணையில் என்னையும் கூப்பிட்டார்கள். உன் கட்டுமானத்தில் ஏதும் கழன்றதா, உடைந்ததா என்று கேட்டார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: “ஓர் ஆணி கழரேல்லை, ஐயா.”

அது உண்மை. கவிழ்ந்து கிடந்த லொறியில் ஒரு பலகை பிளக்கவில்லை. நீளத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. முதல்நாள் பின்னேரம் வல்லிபுரம் கள்ளுக் குடித்ததைக் கண்டதாக யாரோ சொன்னார்கள். பின்னேரம் கள்ளுக் குடிக்காத டிறைவரை எனக்குக் காட்டுங்கள் பார்ப்போம்? ஆனாலும் அது போதுமாயிருந்தது. அவனை மறியலில் அடைத்தார்கள். லைசென்சைப் பறித்தார்கள். சில வருடம் கழித்து லைசென்ஸ் திரும்பக் கிடைத்தது; வண்டிதான் கிடைக்கவில்லை.

எனக்கு? கவிழ்ந்தும் உடையாத லொறி கட்டியவன் என்று பெயர் வந்தது. பளையிலிருந்தெல்லாம் ஆட்கள் தேடி வந்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு நான் எந்த உடம்பையும் கடதாசிக் கோட்டைத் தாண்டி நீட்டியதில்லை. ஒன்பதென்றால் எட்டு. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அப்படியானால் எனக்கு அப்போதே தெரியுமா? தெரிந்தால் சொல்லவேண்டி வரும் என்பதனால் தெரிந்துகொள்ளாமல் இருந்தேன்... அப்படித்தான் சொல்லவேண்டும்.

சந்தியில் அன்றைக்கே வாயைத் திறந்தேன்.

“தம்பிப்பிள்ளை, வல்லிபுரத்திலை பிழையில்லை. பிழை என்னிலைதான். லொறியை நீட்டிக் கட்டினது நான்.”

“அண்ணைக்கு இரக்க மனசு” என்றார் தம்பிப்பிள்ளை. “நான் வந்து கண்ணாலை பாத்தனான். ஒரு பலகை வெடிக்கேல்லை. உங்கடை வேலையிலை பிழையெண்டு நீங்கள் சத்தியம் பண்ணினாலும் ஆர் நம்புவினம்? நீங்களே எத்தினை தரம் பேப்பரிலை எழுதியிருக்கிறியள்!”

மாஸ்ரர் மட்டும் சிரிக்கவில்லை. “எத்தினை அடி?” என்று கேட்டார்.

“பதினொண்டு.”

“கடதாசியிலை?”

“ஒன்பது.”

“அதுக்கும் மேலை கடைசிப் பலகையிலை ஆளும் வேறை...” என்று தொடங்கினார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மயிலிட்டிக்குப் போனேன். முற்றத்தில் இருந்து கருவாட்டுக்கு மீன் கீறிக்கொண்டிருந்தான் வல்லிபுரம். மாஸ்ரர் சொன்னதை, துலாவை, இரண்டடியை எல்லாம் சொன்னேன். அவன் கத்தியை நிறுத்தவில்லை.

“எனக்கு அண்டைக்கே தெரியும், அண்ணை.”

“பின்னை ஏனடா ஒருதருக்கும் சொல்லேல்லை?”

“சொன்னனான்தானே. பட்டறையிலை வந்து உங்களிட்டைச் சொன்னனான். சிரிச்சனீங்கள்.” இன்னொரு மீனை எடுத்தான். “கோர்ட்டிலையும் சொல்லியிருந்தால் அங்கையும் சிரிச்சிருப்பினம். ஆணி கழரேல்லை எண்டு நீங்கள் சொன்னாப் பிறகு என்ரை கதையை ஆர் கேக்கிறது?”



பாக்கியம் வாசலில் நின்றிருக்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசினால் எனக்கும் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

“பத்து வருசமாய் இந்த மனிசனுக்குச் சோறு போட்டனான். ஒருநாளும் முகத்தைப் பாத்துப் போடேல்லை” என்றாள். “நேற்று வேலை கேட்டுப் போனதும் பிள்ளையளின்ரை வயித்துக்காகத்தான். இவருக்காக இல்லை.”

வல்லிபுரத்தின் கத்தி அப்போதுதான் நின்றது.

“தங்கச்சி, நான் தம்பிப்பிள்ளையிட்டைச் சொன்னனான். நம்புறாரில்லை.”

“அப்ப நம்புற மாதிரிச் சொல்லுங்கோ” என்றாள் அவள். உள்ளே போனவள் ஒரு செம்பில் தண்ணீரோடு வந்தாள். எனக்குத்தான் என்று கையை நீட்டினேன். அவள் என்னைக் கடந்துபோய் வல்லிபுரத்தின் முன்னால் வைத்தாள்.

பஸ்ஸில் திரும்பி வந்தேன். நான் கட்டிய பஸ்தான். கொண்டக்டர் எழும்பி இடம் தந்தான். இருக்க மனம் வரவில்லை, நின்றுகொண்டே வந்தேன்.

கெட்டிக்காரன் என்ற பெயர் ஒருவனுக்கு வந்துவிட்டால் அவனுடைய பிழையைச் சுமக்கவும் ஊர் வேறு ஆளைத் தேடிப் பிடித்துவிடுகிறது. இதைத்தான் நான் இந்தக் கிழமை கண்டேன்.

ஆகவே புத்தூர்ச் சந்தியில் கூடுகிறவர்களே, தம்பிப்பிள்ளை அவர்களே... இரக்க மனசு என்று சொல்லி என் பங்கை என்னிடமிருந்து பறிக்காதீர்கள். ஒன்பது என்று கண்ணால் கண்டும் பதினொன்று அடித்தவன் நான். வெட்டிவிடு என்று கேட்டு வந்தவனைச் சிரித்து அனுப்பியவன் நான். கேட்காத கேள்விக்குப் பதில் எதற்கு என்று நினைத்துச் சாட்சிப் பெட்டியில் வாயை மூடிக்கொண்டவனும் நான்தான். வல்லிபுரம் அந்த லொறியை ஓட்டினான், அவ்வளவுதான். இனி அந்த மதிலைக் காட்டிக் கதை சொல்லும்போது அவன் பெயரை விட்டுவிடுங்கள்.

செல்லத்துரையின் சாவு இணுவில் பட்டறையின் வேலை — அதை என் பெயரில் போடுங்கள்.