பேச்சியம்மாள் விட்டுக்கொடுத்த இடம்

காலை 6.45. விருதுநகர் சந்திப்பில் இறங்கியதும் சாவிக்கொத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். வீட்டுச் சாவியோடு விரல் நீளத்தில் ஒரு மல்டி டூல் அதில் தொங்கும். குட்டிக் கத்தி, கத்தரி, திருப்புளி, மடங்கும் குறடு, எல்லாம் அதற்குள். விலை அறுநூற்றைம்பது ரூபாய். ஐந்து வருடமாக அது இல்லாமல் நான் வாசலைத் தாண்டியதில்லை. ‘நடமாடும் பட்டறை’ என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும், மூக்குக்கண்ணாடியில் ஆணி கழன்றால் என்னிடம்தானே வருகிறார்கள்.

7.30 பேருந்து. திருத்தங்கலுக்கு இருபத்திரண்டு ரூபாய். அங்கே என் கல்லூரித் தோழன் அருள்ராஜ் அச்சகம் வைத்திருக்கிறான். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் தொழில். அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் எனக்காக அனுமதி கேட்டு வைத்திருந்தான்.

“உள்ள போயிப் பாக்கணும்னு நீதாம்லே கேட்ட. அவுக சொல்றதை மட்டும் கேளு, போதும்” என்றான்.

அவன் பைக்கில் போகும்போது கண்ணாடி லொடலொடவென்று ஆடியது. எனக்குக் கை பரபரத்தது. வண்டியை நிறுத்தச் சொன்னேன். சாவிகள் இடைஞ்சலாக இருந்ததால் டூலை மட்டும் வளையத்திலிருந்து கழற்றி, ஆணியை முறுக்கிவிட்டு, கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அருள்ராஜ் மெச்சினான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

10.10. கம்பெனி வாசலில் போன், கடிகாரம், பெல்ட், சாவி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுச் செருப்பையும் கழற்றினேன்.

“தீப்பெட்டி, பீடி, வேற இரும்பு ஏதும் இருக்கா அண்ணாச்சி?” என்றார் காவலாளி.

“இல்லை” என்றேன் கணீரென்று. சாவியைக் கொடுத்தால் டூலையும் கொடுத்ததாகத்தான் என் ஐந்து வருடப் பழக்கம். அவர் என் சட்டையைத் தடவிப் பார்ப்பதற்குள் லோடு வண்டி ஹாரன் அடித்தது. கேட்டைத் திறக்கப் போய்விட்டார். அருள்ராஜ் லேபிள் மாதிரியோடு ஆபீசுக்குள் போனான்.

போர்மேன் செல்வமாரி அக்கா என்னை அழைத்துப் போனார். தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள். ஓர் அறையில் நான்கு பெண்கள் புஸ்வாணக் கூம்புகளில் மருந்தை நிரப்பி மரக்குச்சியால் அமுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“ஒரு ரூமுக்கு நாலு பேருதான். நீங்க போனா அஞ்சாயிரும்” என்றவர், உள்ளே பார்த்து, “பேச்சி, நீ செத்த நேரம் வேப்ப மரத்தடியில இரு” என்றார்.

நாற்பது வயதிருக்கும் பேச்சியம்மாள் எழுந்து வெளியே போனாள். அக்கா வாசலிலேயே நின்றுகொண்டார். உடம்பில் சேர்ந்த மின்சாரம் இறங்குவதற்காகக் கதவோரம் வைத்திருந்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு நான் உள்ளே போய், பேச்சியம்மாள் இருந்த இடத்தில் குந்தினேன்.

தொடையில் ஏதோ கெட்டியாக அழுத்தியது.

குனிந்து பார்த்தேன். டூல் பைக்கு வெளியே பாதி நழுவியிருந்தது. என் காலடியில் வெள்ளி நிற மருந்து தட்டுத் தட்டாக இருந்தது. எழுந்தால் விழுந்துவிடும், இரும்பு உரசி ஒரு பொறி பறந்தால் போதும். எழாமலும் எத்தனை நேரம் இருக்க முடியும்?

“அக்கா, பையில இரும்பு இருக்கு.” அது என் குரல் மாதிரியே இல்லை.

அவர் கத்தவில்லை. “அசையாதீக. கையை வச்சு அமுக்கிக்கோங்க. வெளிய எடுத்துராதீக. ஏ புள்ளைகளா, எல்லாத்தையும் அப்பிடியே வச்சிட்டு அந்தக் கதவு வழியாப் போங்க. ஓடக் கூடாது.”

மூன்று பேரும் போனார்கள். பிறகு நான் எழுந்தேன். வேப்ப மரம் வரை நாற்பது அடி இருக்கும். தரை கொதித்திருக்க வேண்டும், வெறுங்காலில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

செல்வமாரி அக்கா டூலை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். பேச்சியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மறந்துட்டேன்மா. மன்னிச்சிரும்மா.”

“நீங்க குந்தியிருந்தது என் இடம். பக்கத்துல இருந்தவ என் தங்கச்சி” என்றாள். “ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா நான் மட்டும் இங்கன மிஞ்சியிருப்பேன்” என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அக்கா திரும்பி வந்து அறையைப் பார்த்துவிட்டு எல்லாரையும் கூப்பிட்டார். “வாங்கண்ணே, பாக்கணும்னுதான வந்தீக?”

என் கால் வரவில்லை. “வேண்டாம்க்கா.”

“அப்ப நான் போறேன்” என்று எழுந்த பேச்சியம்மாள், செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள்.

அவள் இருந்த நிழலில் நான் உட்கார்ந்தேன். அருள்ராஜ் வந்து கூப்பிட்டான். போகவில்லை. அந்தக் கதவை விட்டுக் கண்ணை எடுக்கப் பயமாக இருந்தது.

12.30க்குச் சாப்பாட்டு மணி அடித்தது. எண்ணினேன். நான்கு பேர். கடைசியாக வந்த பேச்சியம்மாள் என்னைப் பார்த்து நின்றாள்.

“இன்னும் போகலையா? சாப்பிட்டீகளா?”

“இல்லம்மா.”

“சோறு இருக்கு, வாங்க. நாங்க ஒண்ணரைக்குத்தான் திரும்ப உள்ள போகணும்” என்றாள்.