"அக்கா சொன்னது"ன்னு எழுதுன பக்கம்

என் தங்கச்சி தேனி காலேஜுல தமிழ் படிச்சா. நான் எட்டாவதோட நின்னுட்டேன். கூடலூருல இருந்து தெனமும் ஜீப்புல ஏறி கேரளாவுக்கு ஏலக்கா எடுக்கப் போறவ.

அவளுக்கு ஒரு நாவல் பாடமா வச்சிருந்தாக. அதுக்கு டீச்சர் ஒரு வேலை குடுத்தாகளாம். வீட்டுல படிக்காதவுக ஒருத்தருக்கு அதுல ஒரு அத்தியாயத்த வாசிச்சுக் காட்டணும், அவுக சொல்றத அப்படியே நோட்டுல எழுதிட்டு வரணும்.

ஒரு நாள் சாயங்காலம் வேலை விட்டு வந்து சோறு தின்னுக்கிட்டு இருக்கேன். வெரல்ல ஏலக்காக் கறை கூடப் போகல. பக்கத்துல உக்காந்து வாசிக்க ஆரம்பிச்சா. கதையில ஒரு பொம்பள, உலையில அரிசியப் போட்டுட்டு யார்ட்டயும் சொல்லாம வீட்ட விட்டுப் போயிர்றா. சோத்துல கைய வச்சபடியே கேட்டுக்கிட்டு இருந்தேன். நல்லாத்தான் இருந்துச்சு.

"யக்கா, அவ சொல்லாமப் போனது சரியா?"

"எதுக்கு எங்கிட்டக் கேக்குற?"

"படிக்காதவுகட்டத்தான் கேக்கணும்னு சொன்னாக."

சுருக்குன்னு ஆயிப்போச்சு எனக்கு.

"காலேஜே கூடி என்னையப் பாத்துச் சிரிக்கவா? போயி வேற எவளாச்சும் படிக்காதவளப் பாரு"ன்னு தட்டத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சுட்டேன். ரெண்டு நாளு நான் மூஞ்சி குடுத்துப் பேசல. அதுக்கப்புறம் அவளுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில சேத்து மூணாம் நாளு போயிட்டா.

காரியம் முடிஞ்ச பெறகு அவ பையத் தொறந்தேன். நோட்டுல ஒரு பக்கத்துல "அக்கா சொன்னது"ன்னு எழுதி அடிக்கோடு போட்டிருந்தா. கீழ ஒண்ணும் இல்ல.

கூடப் படிச்ச பிள்ளைக வந்தப்ப சொன்னாக, பாதிப் பேரு தாங்களா எதையாச்சும் எழுதிக் குடுத்துட்டாகளாம். இவ மட்டும், அக்கா கோவமா இருக்கு, கோவம் எறங்கவும் கேட்டு எழுதிட்டு வாரேன்னு டீச்சர்ட்ட தவண கேட்டிருக்கா. எழுதியிருக்கலாம்ல அவளும். நான் பாக்கவா போறேன்.

அந்த நாவல ஜீப்புல போகையில எழுத்துக் கூட்டி வாசிச்சேன். மலையில வளைவுல திரும்புறப்ப எழுத்தெல்லாம் ஆடும். முடிச்சுட்டேன். அந்தப் பொம்பள கடைசி வரைக்கும் திரும்பி வரல.

சரியான்னு கேட்டா, சரியில்லம்பேன். ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருந்தா, உலையவாச்சும் எறக்கி வச்சிருப்பாக.

அன்னைக்கு அவ வாசிக்கையிலயே இது என் வாயில வந்துச்சு. சொல்லாமத்தான் தட்டத் தூக்கிட்டுப் போனேன்.