தொப்பி வண்டியும் மொட்டை வண்டியும்

பிரேக் அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். டிரைவிங் ஸ்கூல் காரில் இடது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாகப் பொருத்திய பிரேக்கை மிதித்து மிதித்தே ஊருக்கு வண்டி கற்றுக்கொடுத்தவள். சிக்னலில் நிற்கிற கார்களில் எதை எட்டிப் பார்த்தாலும், உள்ளே அவளிடம் திட்டு வாங்கிய முகம் ஒன்று ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கும். மிதித்த மிதியில் அவளுடைய வலது கால் இடது காலைவிட ஒரு சுற்று பெருத்துவிட்டது என்று பேச்சு. நம்பாதவர்கள் செருப்புக் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

படிக்க வருகிற எல்லாருக்கும் அவள் ஒரு பட்டம் கொடுத்துவிடுவாள். பின்னால் பார்க்கவே பயப்படுகிறவள் 'கழுத்துச் சுளுக்கு'. எறும்பு குறுக்கே போனாலும் ஹாரன் அடிக்கிறவன் 'நாதஸ்வரம்'. மூன்றாவது கியருக்குப் போனதும் அங்கேயே வீடு கட்டிக் குடியேறிவிடுகிற ஒருவன் இருந்தான். அவன் 'மூணாங் கியர்'. கிளட்சை எப்படி விடுவது என்று எல்லாருக்கும் ஒரே பாடம்தான்.

"மடியில பூனைக்குட்டி தூங்குது. அத மெதுவா தரையில விடணும். முழிச்சுக்கக் கூடாது. நீ என்னடான்னா பூனைய மாடியிலேருந்து தூக்கிப் போடுற."

முதல் நாள் வருகிறவர்கள் நடுங்குவார்கள் இல்லையா, அவர்களுக்குத் தெம்பு ஊட்ட அவளிடம் ஒரு கதை இருந்தது. சின்ன வயதில் அவள் கூரை திறக்கிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வைத்திருந்தாளாம். ஒருநாள் போன வேகத்தில் அவளுடைய நிழல் பின்தங்கிவிட்டதாம். வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, தலைவாரி முடித்த பிறகுதான் நிழல் மூச்சிரைக்க வாசலுக்கு வந்து சேர்ந்ததாம். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கார் கொஞ்சம் வேகம் பிடித்தது.

ஸ்கூல் இருந்த கட்டடத்தில் லிஃப்ட் பழுது பார்க்க வந்த மெக்கானிக் ஒருவர், கையில் ஸ்பேனரோடு அந்தக் கதையை முழுசாக நின்று கேட்டார். மறுநாள் பழுதாகாத லிஃப்டைப் பழுது பார்க்க வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். கடைசியில் அவளையே கல்யாணம் செய்துகொண்டார். சிரித்துக்கொண்டே சொன்ன கதையை அவர் சிரிக்காமல் நம்பியிருக்கிறார் என்பது அவளுக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அவர் சொந்தக்காரர்கள் பாதிப் பேரிடம் சொல்லி முடித்திருந்தார்.

உண்மை இதுதான். லைசென்ஸ் வாங்கி, கற்றுக்கொடுக்கிற வேலைக்கு வந்த நாளிலிருந்து அவள் ஸ்டீயரிங் பக்கம் உட்காரவே இல்லை. விபத்து, அடி, ரத்தம் என்று எதுவும் நடக்கவில்லை. இடது பக்கத்தில் உட்கார்ந்தே, மனிதர்கள் ஒரு காரை வைத்து என்னென்ன தப்பு செய்ய முடியுமோ அத்தனையையும் பார்த்துவிட்டாள். பார்க்கப் பார்க்கப் பயம் உள்ளே ஊறிப்போய்விட்டது. அந்த இரண்டாவது பிரேக் இல்லாத காரை நினைத்தாலே உள்ளங்கால் ஜில்லென்றாகிவிடும். இது யாருக்கும் தெரியாது. தெரியவும் வழியில்லை. வீட்டில் இருந்தது புருஷனுடைய பைக். போக வர எல்லாமே அதில்தான்.

பிறகு லிஃப்ட்காரருடைய இடது கண்ணில் திரை விழுந்தது. ஒரு நாள் நிறுத்தியிருந்த குப்பை வண்டியைப் பார்க்காமல் அதன் முதுகில் போய் முட்டினார். கண் டாக்டர் பரிசோதித்துவிட்டு, இனிமேல் பைக்கைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். வந்ததும் பைக்கை விற்றுவிட்டு அவர் ரொம்ப உற்சாகமாக இருந்தார். 

"இத்தன வருஷம் என் முதுகுக்குப் பின்னாடி தூசி தின்னுட்டு வந்த. இனிமே நீ ஓட்டு, நான் உக்கார்றேன். சாதா வண்டி வேண்டாம். நீ அப்ப ஓட்டின மாதிரியே ஒண்ணு."

"இந்த வயசுல எதுக்குங்க அதெல்லாம்?"

"ஏன், உன் நிழலுக்கு மூட்டு வலியா?"

அன்றிலிருந்து அவள் பார்த்த கார்களுக்கெல்லாம் ஒரு குறை கண்டுபிடித்தாள். ஒன்றுக்கு நிறம் பிடிக்கவில்லை. ஒன்றின் முகப்பு விளக்குகள் முறைத்துப் பார்க்கின்றன என்றாள். ஒன்றில் முந்தின ஆள் அழுதிருக்கிற வாசனை வருகிறது என்றாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த லிஃப்ட்காரர் ஒருநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"இன்னைக்கும் ஒண்ணும் புடிக்கலன்னா நான் என் பைக்கையே திருப்பி வாங்கிடறேன். வாங்கினவன் இன்னும் அத விக்கலயாம், கேட்டுட்டேன். ஓட்டறதுக்கு ஒரு கண்ணு போதும்."

விளையாட்டாகச் சொல்கிறாரா என்று அவள் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை. பைக் சாவியை மாட்டுகிற ஆணியில் அவருடைய ஹெல்மெட் தொங்கிக்கொண்டிருந்தது. துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்.

பழைய கார் விற்கிற புரோக்கர் கொட்டகையில் இரண்டு கார்களை முன்னால் இழுத்து நிறுத்தியிருந்தார். இரண்டுமே இரண்டே பேர் உட்காருகிற ஸ்போர்ட்ஸ் கார்கள். கறுப்பு நிறத்தில் ஒரு கூப்பே. கூரை அசையாமல் பின்பக்கமாக வழிந்து இறங்கியது. பக்கத்தில் சிவப்பில் ஒரு கன்வெர்டிபிள். பட்டனை அமுக்கினால் கூரை மடிந்து பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும்.

"இது தொப்பி, அது மொட்டை," என்றார் புரோக்கர். "ரெண்டுல எத வேணா எடுங்க. ஆனா சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வராங்க. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

லிஃப்ட்காரர் கூப்பேயின் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். சத்தம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. "கதவு மூடணும், தலைக்கு மேல ஒண்ணு இருக்கணும். கூரை இல்லாத லிஃப்ட்ல எவனாவது ஏறுவானா?"

"லிஃப்ட் மழையில நனையாதுங்க. காரு நனையும். அதனால இவரு சொல்றதுதான் சரி," என்றார் புரோக்கர்.

அவளும் கூப்பேயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் கண்ணாடிகள் சின்னவை, கறுத்தவை. உள்ளே யார், எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வெளியே தெரியாது. "தொப்பியவே பாக்கலாம்," என்றாள்.

வலது பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தபோது தரையிலேயே உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. பழக்கத்தில் அவள் கால் பிரேக்கைத் தேடியது. கிடைத்தது. ஆனால் கூடவே கிளட்ச், ஆக்சிலரேட்டர், ஸ்டீயரிங் எல்லாம் இருந்தன. இதையெல்லாம் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள் இல்லை. இடது பக்கத்தில் புருஷன், மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, கோயில் தேரில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கொட்டகை வாசலைத் தாண்டினாள். மருந்துக் கடையைத் தாண்டினாள். உள்ளங்கை வேர்வையில் ஸ்டீயரிங் வழுக்கியது. மேம்பாலத்து ஏற்றத்தில், நட்டநடுவில், சிக்னல் சிவப்புக்கு மாறியது. ஊரிலேயே கஷ்டமான இடம் அதுதான். படிக்க வருகிறவர்கள் லைசென்ஸுக்கு முன்னால் ஒரு தடவையாவது அங்கே அழ வேண்டும் என்பது அவளே போட்ட சட்டம்.

பச்சை விழுந்தது. கார் ஒரு குலுங்கு குலுங்கி அணைந்துபோனது.

பின்னால் லாரி. ஹாரன் சத்தம் மூடின கண்ணாடி வழியாக, தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல வந்தது. கார் ஒரு சாண் பின்னால் உருண்டது. அவள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். வழிந்து இறங்குகிற அந்தக் கூரைதான் கண்ணை மறைத்தது. லாரி ஒரு சாணில் இருக்கிறதா ஒரு விரலில் இருக்கிறதா என்று தெரியவில்லை. தொம் தொம் என்று ஒரு சத்தம். என்ன என்று பார்த்தால், லிஃப்ட்காரர் வலது காலால் தரையை மிதித்துக்கொண்டிருந்தார்.

"அங்க பிரேக் இல்லைங்க."

"தெரியும். காலுக்குத் தெரிய மாட்டேங்குது."

கைப்பிரேக்கைத் தொங்காத குறையாக இழுத்துப் பிடித்தாள். லாரிக்காரர் இறங்கி வந்து கண்ணாடிக்கு வெளியே வாயை அசைத்தார். என்ன சொல்கிறார் என்று ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. திட்டாகத்தான் இருக்கும் என்று அவள் கண்ணாடியை இறக்கவே இல்லை. அடுத்த பச்சையில் எப்படியோ ஏறினாள். சுற்றிக்கொண்டு கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது, ரவிக்கையைப் பிழிந்தால் ஒரு வாளி தேறும்.

இறங்கினதும் லிஃப்ட்காரர் புரோக்கரைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"வண்டில ஏதோ கோளாறு."

"கோளாறா? போன வாரம்தான் புது கிளட்ச் போட்டேன்."

"இவ ஓட்டி நின்னுச்சுன்னா அது வண்டியோட கோளாறுதான்யா. நீ யாருகிட்ட பேசிட்டிருக்கன்னு தெரியுமா?"

  ஆமாம் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம். நாளைக்குக் காலையில் அந்த ஹெல்மெட் ஆணியிலிருந்து இறங்கிவிடும். அவருடைய இடது கண் ஓரமாக ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. அவர் கை அதை விரட்டவில்லை. அந்தப் பக்கம் அவருக்கு எதுவும் தெரியவில்லை.

"மொட்டைய எடுங்க," என்றாள். குரல் அவளுக்கே யாருடையதோ மாதிரி இருந்தது.

"அதான், உன் பழைய வண்டி மாதிரி," என்று லிஃப்ட்காரர் ஏறிக்கொண்டார்.

புரோக்கர் பட்டனை அமுக்கினார். கூரை எழுந்து, மடிந்து, பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அவளுக்கும் அப்படி ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. தெருவில் இருந்த கண்ணெல்லாம் அவள் தலைமேல் வந்து உட்கார்ந்தது. மருந்துக் கடைக்காரர் கவுண்டரிலிருந்து எட்டிப் பார்த்தார். துணிக் கடைப் பெண்கள் படிக்கு வந்தார்கள். அதே மேம்பாலம். அதே ஏற்றம். அதே சிவப்பு.

இடது பக்கத்தில் ஒரு பஸ் வந்து நின்றது. டிரைவர் ஜன்னல் சரியாக லிஃப்ட்காரருடைய தலைக்கு மேலே. மேலேயிருந்து ஒரு மீசை குனிந்து பார்த்தது.

"அக்கா, நீங்களா? என்னைத் தெரியுதா? மூணாங் கியர்."

அவன் பின்னால் திரும்பி, பஸ்ஸே கேட்கிற மாதிரி சொன்னான். "இவங்கதான் எனக்கு வண்டி கத்துக்குடுத்தவங்க. இவங்க ஓட்டினா நிழலே வந்து சேராது, பாருங்க இப்ப."

ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு தலை வெளியே வந்தது. பச்சை விழுந்தது.

கார் அணைந்துபோனது.

பஸ்ஸில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. பின்னால் ஹாரன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. அவள் கை தானாகவே கூரைப் பட்டனுக்குப் போனது. அமுக்கினால் மூடிவிடும். அத்தனை முகமும் மறைந்துவிடும். விரலை அதன்மேல் வைத்தும்விட்டாள்.

பஸ் கிளம்பிப் போகவில்லை. மூணாங் கியர் பஸ்ஸைக் கொஞ்சம் குறுக்கே விட்டு, பின்னால் வருகிறவர்களை மறித்துக்கொண்டு நின்றான். பிறகு ஜன்னலில் முழங்கையை ஊன்றிக் குனிந்தான். ரொம்ப மெதுவாகத்தான் சொன்னான். கூரை இல்லாததால் காதில் விழுந்தது.

"அக்கா. பூனைக்குட்டி."

"என்ன பூனை?" என்று லிஃப்ட்காரர் சீட்டுக்கு அடியில் தேடினார்.

"மாடியிலேருந்து போடறீங்கக்கா. மடியிலேருந்து விடுங்க. அவன் ஹாரன் அடிச்சா அடிக்கட்டும், அவன வீட்டுல பேச விடல போல."

அவளுடைய வசனம்தான் அது, மரியாதை மட்டும் சேர்த்து. அந்தப் பாலத்தில், அதே ஏற்றத்தில் அவன் அழுதபோது அவள் சொன்னது. விரலைப் பட்டனிலிருந்து எடுத்தாள். கைப்பிரேக்கைப் பிடித்தாள். சாவியைத் திருப்பினாள். பூனையை மடியிலிருந்து எடுத்து, தரைக்குக் கொண்டுபோய், வயிறு தரையில் படுகிற வரைக்கும் கையை எடுக்காமல் வைத்திருந்து, மெதுவாக விட்டாள்.

கார் முனகிக்கொண்டே ஏறியது. பஸ்ஸும் பக்கத்திலேயே இரைந்துகொண்டு ஏறியது. உச்சிக்கு வந்ததும் அவள் தலையை நிமிர்த்தினாள்.

"டேய், இன்னும் மூணுலயே இருக்கியாடா? மாத்து. என்ஜின் கத்துறது ஊருக்கே கேக்குது."

பஸ் மொத்தமும் அப்போதுதான் சிரித்தது.

இறக்கத்தில் காற்று வந்து அவள் கொண்டையைக் குலைத்தது. ஒரு பெட்ரோல் பங்கைத் தாண்டியதும் அவள் சொன்னாள்.

"என்னங்க. நான் ஸ்போர்ட்ஸ் காரெல்லாம் ஓட்டினதே இல்லைங்க. வேலைக்கு வந்ததுக்கு அப்புறம் எந்தக் காரையும் தனியா ஓட்டினதில்ல. இன்னைக்குத்தான்."

லிஃப்ட்காரர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அந்த நிழலு?"

"நிழலு எப்பவும் கூடவேதான் வந்துச்சு."

"நான் கட்டிக்கிட்டதே அந்த நிழலுக்காகத்தான்," என்றார். குரலில் வருத்தம் நிஜமாகவே இருந்தது. கொஞ்சம் போனபிறகு, "மரம் வருது, மரம் வருது," என்று தரையை மிதித்தார்.

"அது ரோட்டோரமா நிக்குதுங்க. வரல."

கொட்டகையில் புரோக்கர் சீப்பால் தலைவாரிக்கொண்டு காத்திருந்தார். "என்ன முடிவு? தொப்பியா, மொட்டையா?"

"மொட்டை," என்றாள் பிரேக் அக்கா.

"மழை வந்தா?" என்றார் லிஃப்ட்காரர்.

"மழைக்கு மூடிக்கலாம். தொப்பியில மாட்டிக்கிட்டா ஒருத்தர் சொல்றது காதுல விழாது." பிறகு புரோக்கரிடம் திரும்பினாள். "பின்னாடி ஒரு எல் போர்டு ஒட்டிக் குடுங்க."

புரோக்கர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "யாருக்குக்கா? சாருக்கா?"

"எனக்கு."

ஸ்டிக்கரை அவளே ஒட்டினாள். லிஃப்ட்காரர் பின்னால் நின்று, திரை விழுந்த கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, நல்ல கண்ணால் அளந்து பார்த்தார். லிஃப்ட் சமமாக நிற்கிறதா என்று பார்க்கிற அதே பார்வை.

"வலது பக்கம் தூக்கிட்டிருக்கு. எடுத்து ஒட்டு," என்றார்.