அத்திம்பேர் வாங்கிய இத்தாலி

இந்த ஊரில் காலையில் கதவைத் திறக்கிறவர்கள் எல்லாரும் முதலில் வானத்தைப் பார்க்கிறார்கள். மழையா பனியா, குடையா கோட்டா என்பது அவர்கள் கவலை. என் பக்கத்து வீட்டு ப்ரூனோ மட்டும் தரையைப் பார்ப்பார். அவரிடம் அறுபதுகளில் செய்த சிவப்பு மோட்டார் சைக்கிள் ஒன்று இருக்கிறது. ராத்திரி அதை நிறுத்தும்போது அடியில் ஓர் அட்டையைச் சொருகுவார். காலையில் உருவியெடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, விழுந்திருக்கும் ஆயிலை டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல் பார்ப்பார். நேற்று விழுந்த இடத்திலேயே இன்றும் ஒரு சொட்டு விழுந்திருந்தால் முகம் மலரும். சொட்டு இடம் மாறியிருந்தால் அன்றைக்குத் தெருவில் யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்கக்கூடாது. சொட்டே இல்லையென்றால் இன்னும் மோசம். உள்ளே ஆயிலே இல்லை என்று அர்த்தமாம். நம்மூரில் பஞ்சாங்கத்துக்கு இருக்கும் மரியாதை இங்கே ஓர் அட்டைப்பெட்டியின் மூடிக்கு.

நான் போலோன்யாவுக்குப் பக்கத்தில் தரைக்கு டைல்ஸ் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். வந்து வெகுகாலமாகிறது. பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருகிறேன். மயிலாப்பூரிலும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அங்கே ஃபுட்போர்டில் காற்றாவது வந்தது. நிறுத்தத்தில் நான் நிற்கும் நேரம் பார்த்து ப்ரூனோ வண்டியில் டப்டப்பென்று கடந்துபோவார், கையை ஆட்டுவார். பதிலுக்கு நானும் ஆட்டிவிட்டு, அவர் போன பிறகும் அந்தச் சத்தம் தெருமுனையில் தேயும்வரை கேட்டுக்கொண்டு நிற்பேன். வெளிநாடு போனவனைப் பார்த்து உள்ளூர்க்காரர்களுக்கு வயிறு எரியும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. போனவனுக்கும் எரியும். அதை யாரும் எழுதுவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

ஒருநாள் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு அவரிடம் கேட்டேன்: என்னைப்போல் முதல் தடவை வாங்குகிறவன், நம்பி ஏறக்கூடிய ஒரு பழைய வண்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது? அவர் பதிலுக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் உனக்கு என்ன வேலை என்று கேட்டார். சாப்பிடக் கூப்பிடுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறு சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு பாட்டில் ஒயினோடு போய் நின்றேன். அவர் பாட்டிலை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, கையில் ஒரு கந்தல் துணியைக் கொடுத்து, கார்புரேட்டரைத் துடைக்கச் சொன்னார். பழைய வண்டி வாங்குகிறவன் தன் ஞாயிறுகளையெல்லாம் அதற்கு எழுதிவைக்க வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன பதில். சட்டை போயிற்று. சில பாடங்கள் கிடைத்தன. எஞ்சினைக் கிளப்பச் சொல்வதற்கு முன் கையால் தொட்டுப் பார். சூடாக இருந்தால், நீ வருமுன்பே யாரோ உதைத்து உதைத்துக் கிளப்பியிருக்கிறார்கள். வண்டியின் அடியைப் பார். உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று கேள். பெயின்ட்டைப் பார்க்காதே. இத்தனையும் கற்றுக்கொண்டு நான் என்ன செய்தேன்? பஸ் பாஸைப் புதுப்பித்தேன்.

இந்த ஆசைக்கு வயது அதிகம். பள்ளிக்கூடத்து நாட்களில் பத்திரிகைகளிலிருந்து மோட்டார் சைக்கிள் படங்களை வெட்டிக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்திருப்பேன். நம்ம குடும்பத்துக்கு சைக்கிளே ஜாஸ்தி என்பது அப்பாவின் சித்தாந்தம். அந்தச் சித்தாந்தத்துக்கு முதல் சீடராக வந்து சேர்ந்தவர் அக்காவைக் கட்டிக்கொண்ட அத்திம்பேர். பாங்கு உத்தியோகம். சைக்கிளிலிருந்து மொபெட்டுக்கு மாறியதே அவர் வாழ்க்கையின் பெரிய சாகசம். என் படங்களை எடுத்துப் பார்த்து, இதுல ஏறறவன் ஒண்ணு சினிமாக்காரன், இல்ல ஆஸ்பத்திரிக்குப் போறவன் என்று சிரித்த மனுஷர்.

மெட்ராஸ் சென்னையான சமயத்தில் டிசம்பர் லீவுக்குப் போயிருந்தேன். அக்காவின் மயிலாப்பூர் வீட்டில் பெட்டியை இன்னும் இறக்கிக்கூட வைக்கவில்லை. காபி டம்ளரோடு அத்திம்பேர் வந்தார்.

"வாடா சீனு, உனக்காகத்தான் காத்துண்டிருக்கேன். மோட்டார் சைக்கிள் வாங்கப்போறேன். ரெண்டு பாத்து வெச்சிருக்கேன், ரெண்டும் இத்தாலி. பழசுதான். எது உழைக்கும்னு நீதான் சொல்லணும்."

கையில் வாங்கிய காபி ஆறிப்போனது. எனக்கு என்ன தெரியும் என்று இழுத்தேன். அக்கா விடவில்லை. "இத்தாலியிலேயே இருக்கே, உனக்குத் தெரியாதா?" என்றாள். அந்தக் கணக்குப்படி மயிலாப்பூரில் இருக்கிற எல்லாருக்கும் கல்யாணி பாடத் தெரிந்திருக்க வேண்டுமே என்றேன். "பாடிண்டுதானே இருக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இதை விளக்கமாகச் சொல்லவேண்டும். என் படங்களைப் பார்த்துச் சிரித்த ஆள், ஊரைவிட்டு நகராமல், மாட வீதியைச் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் என் இத்தாலியில் ஏறி உட்காரப் போகிறார். இத்தாலிக்கே போன நான் அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும். ராத்திரி தூக்கம் வரவில்லை. விமானப் பயணக் களைப்பு என்று அக்கா மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள்.

முதல் வண்டி அடையாறில், ஒரு வியாபாரியின் ஷெட்டில். பார்த்த மாத்திரத்தில் அத்திம்பேர் மாப்பிள்ளை பார்க்க வந்த பெண்வீட்டார்போல் ஆகிவிட்டார். எங்கும் குரோமியம். முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம். எனக்கு ஒரு சந்தர்ப்பம் வாய்த்திருந்தது: வாயை மூடிக்கொண்டு நின்றாலே போதும், இவர் இதை வாங்கிவிடுவார், மிச்ச நாளெல்லாம் தள்ளிக்கொண்டு போவார். ஆனால் பொறாமையைவிட மேதாவித்தனம் என்னிடம் ஒரு படி மூத்தது. கை தானாக நீண்டு எஞ்சினைத் தொட்டது. சுட்டது.

"இன்னா சார், தொட்டுப் பாக்கறே? வண்டிக்கு இன்னா ஜொரமா கீது?" என்றார் வியாபாரி.

நாங்கள் வருமுன் கிளப்பிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். வெயில்ல நின்னுகினு இருந்தது சார் என்றார். வண்டி நிழலில் இருந்தது. ஆறட்டும், காத்திருக்கிறோம் என்று ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஆறிய பிறகு அவருடைய மெக்கானிக் உதைத்தார், அவர் உதைத்தார், அத்திம்பேர்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உதைத்தார். குரோமியம் மின்னிக்கொண்டே இருந்தது. திரும்பி வரும்போது ஆட்டோவில் அத்திம்பேர் என்னைப் பார்த்த பார்வையில் ஆயுளில் முதல்முறையாக ஒரு மரியாதை இருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது வண்டி கோபாலபுரத்தில், பிலோமினா டீச்சர் வீட்டில். சாந்தோமில் பிறந்து வளர்ந்து, பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கப்பலில் எஞ்சினியராக இருந்த அவர் கணவர் ஜெனோவா துறைமுகத்தில் வாங்கிக் கொண்டுவந்த வண்டி. கணவர் இப்போது இல்லை. டீச்சருக்கு முழங்கால் வலி வந்துவிட்டதால் விற்கிறார். பெயின்ட் மங்கிப்போயிருந்தது. சீட்டில் தையல் மேல் தையல். எஞ்சின் ஜில்லென்று இருந்தது. வண்டிக்கடியில் ஒரு பழைய செய்தித்தாளும், அதில் ஒரே ஒரு சொட்டும். எப்போதும் அந்த இடத்தில்தான் விழும் என்றார் டீச்சர். நான் குனிந்து அதை இன்னொரு தடவை பார்த்தேன். கார்புரேட்டரும் பொறி கொடுக்கும் பாயின்ட்டும் நம்மூர் ஸ்கூட்டரில் இருப்பவைதான். புதுப்பேட்டையில் கேட்டால் கிடைக்கும். அந்த ஸ்கூட்டரின் பூர்வீகமும் இத்தாலிதானே. டீச்சர் புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, வலிக்காத காலால் ஒரு உதை விட்டார். டப்டப்டப். அது ப்ரூனோவின் சத்தம்.

அப்போதுதான் என் வாய் என்னைக் கேட்காமல் பேசியது. இதை நானே வாங்கிக்கொள்கிறேன் டீச்சர், அத்திம்பேர் கொடுப்பதைவிடக் கூடுதலாகவே தருகிறேன், லீவுக்கு வரும்போதெல்லாம் ஓட்டுவேன், மற்ற நாளில் அக்கா வீட்டில் பத்திரமாக நிற்கும் என்றேன். அத்திம்பேர் சீட்டின் மேலிருந்த கையை எடுத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "சரிடா, நீ ஆசைப்பட்டா நீயே எடுத்துக்கோ" என்றார். மனுஷர் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

டீச்சர் எஞ்சினை நிறுத்தினார். "எத்தனை மாசம் சார் இங்க இருப்பீங்க?"

ஒரு மாசம் என்றேன்.

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான், வருஷத்துக்கு ஒரு மாசம் வருவார். பதினோரு மாசம் நின்ன வண்டியைப் பிரிச்சுப் போட்டு, தொடைச்சு, கெஞ்சி, திட்டி, ஒருவழியா ஓட வெப்பார். ஓட ஆரம்பிக்கறப்போ லீவு முடிஞ்சிடும். அப்புறம் நானே கத்துக்கிட்டுக் கடை கண்ணிக்கெல்லாம் இதுலயே போனேன். அதுலேர்ந்து ஒரு தொந்தரவும் கிடையாது. அவருக்குத்தான் அது பிடிக்கலை. வந்தா ரிப்பேர் பண்ண ஒண்ணுமே இல்லையேன்னு."

சொல்லிவிட்டு அத்திம்பேர் பக்கம் திரும்பி, "நீங்க எப்படி?" என்று கேட்டார்.

"நான் எங்க போறது? தினம் கார்த்தால தண்ணித்துறை மார்க்கெட்டுக்குப் போய்க் கறிகா வாங்கிண்டு வரணும். சாயங்காலம் கச்சேரி. ஆத்துல இவ வேற எங்க விடறா?"

சாவி அவர் கைக்குப் போனது. டீச்சர் என்னிடம், "தப்பா நினைச்சுக்காதீங்க சார், வண்டிக்காகச் சொல்றேன்" என்றார். வண்டிக்காகத்தான் சொன்னார்.

மறுநாள் தெருமுனைப் பிள்ளையாருக்கு முன்னால் மாலை போட்டு, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. ஆயுள் முழுக்க மொபெட் ஓட்டியவருக்கு கியர் ஒரு புதிய மதம். பழத்தை நசுக்கப் போனவர் வண்டியை நிறுத்திவிட்டார். மறுபடி உதைத்தார், மறுபடி நிறுத்தினார். குருக்கள் பொறுமையாகப் பழத்தைத் திரும்ப நகர்த்தி வைத்தார். ஆனால் அத்திம்பேர் சீக்கிரமே பிடித்துக்கொண்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. அந்த வண்டியின் கியரில் முன்னுக்கும் பின்னுக்கும் இரட்டை மிதி. தோல் ஷூவின் முனை தேயக்கூடாது என்று இத்தாலியர்கள் செய்தது. அது அத்திம்பேரின் செருப்புக்காலுக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது. ஒரு வாரத்துக்குள் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனார். வரும் வழியில் குளத்தங்கரை பஸ் நிறுத்தத்தில் தெரிந்தவர் யாரையோ பார்த்துக் கையை ஆட்டினார். அவரும் ஆட்டினார். இரண்டு கையிலும் முருங்கைக்காய் வைத்திருந்த நான் யாருக்கும் ஆட்ட முடியவில்லை.

வாசலில் வண்டி நிற்பதற்காக அக்கா கோலத்தை ஓரடி தள்ளிப் போட ஆரம்பித்திருந்தாள். வருஷாவருஷம் நான் போகிறேன்; என் பெட்டிக்காக அந்தக் கோலம் ஓரங்குலம் நகர்ந்ததில்லை.

கிளம்புகிற அன்று அத்திம்பேர் வண்டியடியிலிருந்து செய்தித்தாளை உருவி, நாலாக மடித்து, என் கைப்பையில் வைத்தார். "சொட்டு பாப்பார்னு சொன்னியே, உன் சிநேகிதர், அவர்கிட்ட காமி. என்ன சொல்றார்னு எழுது" என்றார், குழந்தைபோல் சிரித்துக்கொண்டு. இந்தச் சிரிப்பையும் மன்னிக்கமுடியவில்லை.

ப்ரூனோ அதை இரண்டு கையாலும் வாங்கித் தலைகீழாகப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். மயிலாப்பூருக்கு அவர் போனதில்லை. ஆனால் அந்த வண்டியைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர்போல் தலையாட்டினார். ஸ்தா பேனே, நன்றாக இருக்கிறாள், தினமும் யாரோ ஓட்டுகிறார்கள் என்றார். அன்றிரவு அட்டைக்குப் பதிலாக அந்தத் தாளையே தன் வண்டிக்கடியில் சொருகினார். காலையில் உருவியபோது இரண்டு சொட்டுகள் இருந்தன, ஒன்று அங்கே விழுந்தது, ஒன்று இங்கே. அவர் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டுக்கும் நடுவில் எண்ணெய் படாமல் மிஞ்சியிருந்த வரி விளம்பரத்தைப் படித்தேன். மயிலாப்பூரில் மாடி போர்ஷன், தண்ணீர் வசதி உண்டு, உடனே குடிவரலாம், தொடர்புக்கு. அதற்குப் பிறகு சொட்டு.

என்ன எழுதியிருக்கிறது என்று ப்ரூனோ கேட்டார். ஒரு வீடு காலியாக இருக்கிறதாம் என்றேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது.