கலா வீட்டுத் தண்ணிப் பானை

பர்மாவுல எண்பத்தெட்டாம் வருசத்துக் கலவரம் ஓஞ்ச பொறகு, டவுனுல போட்டாதாங் பேட்டை வாடகை கட்டுப்படியாகாம ரங்கூன் ஆத்து நடுவுல ஒரு தீவுக்குக் குடிபோனோம். சம்பான்கிற துடுப்புப் படகுல தான் போகணும். அந்தச் சம்பான்காரன் வெத்தல போட்டே பல்லக் காவியாக்கிட்டான், அது கெடக்கட்டும். அங்க வீட்டுக்கு வீடு வாசல்ல வழிப்போக்கருக்குத் தண்ணிப் பானை வைப்பாங்க. நாங்களும் வச்சோம். எல்லாரும் குடிக்கிற அதே கொளத்துத் தண்ணி தான். ஆனா இது கலா வீட்டுப் பானையாம். இந்தியாக்காரங்கள அங்க கலான்னு தான் எளக்காரமா சொல்லுவாங்க. ஒருத்தரும் தொடல. காக்கா மட்டும் குடிச்சுச்சு.

"காக்காவுக்கா தெனம் ரொப்புறீக?"ன்னா என் வீட்டுக்காரி.

"அது இந்த ஊருலயே பொறந்தது, குடிச்சுட்டுப் போகட்டும்"னேன். ஆனாலும் ஒரு மனுசன் குடிக்க மாட்டானான்னு இருந்துச்சு.

அப்பறம் டவுனுல சீனாக்காரங்க இருக்கிற லத்தாப் பேட்டையிலேருந்து ஒரு சீனாக்காரர் குடிவந்தார். அன்னிக்கே ஊர்ப் பெரியவர் என் வாசல்ல வந்து குந்தி, என் பானைத் தண்ணிய மடமடன்னு குடிச்சார். "பாத்தியாய்யா கலா, கண்டவனெல்லாம் நம்ம ஊருக்கு வர்றான்!"

நம்ம ஊராம்! சந்தோசத்துல இன்னொரு கொவள மொண்டு குடுத்தேன்.

சீனாக்காரரும் பானை வச்சார். ஒருத்தரும் தொடல. எனக்கு மனசு கேக்காம, போய் ஒரு கொவள குடிச்சேன். பெரியவர் பாத்துட்டார்.

மறுநாள்லேருந்து என் பானைக்குக் காக்காவும் சீனாக்காரரும் தான்.