காய்ச்சல் பார்க்கப் போன வீடு

குன்னத்துக்குப் பக்கத்து ஊரில் நான் கிராம சுகாதார செவிலியராக இருந்தபோது, கேரளாவில் கட்டட வேலை பார்த்த ஒருவர் காய்ச்சலோடு வீடு திரும்பினார். இரண்டாம் நாளே பிதற்ற ஆரம்பித்தார். திருச்சியில் தனி வார்டில் சேர்த்தார்கள். நிபா என்று ரிசல்ட் வந்தது.

வீட்டில் அவர் மனைவியும் பதிமூன்று வயது மகளும். இருபத்தொரு நாள் அவர்கள் வெளியே வரக்கூடாது. காலையும் மாலையும் போய்க் காய்ச்சல் பார்ப்பது என் வேலை. தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. ரோட்டில் மக்காச்சோளம் காயப்போட்டிருந்தவர்கள்கூட வாரிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கும் பயம்தான். கவச உடைக்குள் வேர்த்துக் கொட்ட, கையை எட்டி நீட்டித்தான் நெற்றிக்கு நேரே கருவியைப் பிடிப்பேன்.

பத்தாம் நாள் காலை மகள் வாசலுக்கு வரவில்லை.

"பாப்பாவுக்குக் காச்சலா?"

"இல்லீங்க நர்ஸம்மா, பெரியவளாயிட்டா." சொல்லும்போதே அவள் அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. "அத்தைக்காரி போனையே எடுக்க மாட்டேங்குறா. நீங்க தண்ணி ஊத்துறீங்களா?"

"நான் புருசன் இல்லாதவம்மா. நான் ஊத்துனா ஆகாதும்பாங்க."

"சொல்றவங்க யாராச்சும் இந்த வாசலுக்கு வந்தாங்களா?"

என் அண்ணன் மகள் சடங்கில் என்னைக் கடைசி வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். அது ஞாபகம் வந்தது.

டாக்டருக்குப் போன் செய்து கேட்டேன். "கவசத்தக் கழட்டாம செஞ்சிட்டு வாங்க" என்றார்.

கொல்லையில் பலகை போட்டு அவளை உட்காரவைத்து, மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினேன்.

"சுடுதா கண்ணு?"

"இல்லங்க." அண்ணாந்து பார்த்தாள். "அப்பா வந்துருவாரா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "அங்க நல்லா பாத்துக்கிறாங்க" என்று மட்டும் சொல்லி, இன்னொரு சொம்பு ஊற்றினேன்.

தாய்க்கும் மகளுக்கும் கடைசிவரை காய்ச்சல் வரவில்லை. அவள் அப்பா ஆறு வாரம் கழித்துப் பிழைத்து வந்தார். நடை தள்ளாடியது, நாக்கு குழறியது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல முயன்றார். அவள் அவசரப்படவில்லை. "மெதுவா சொல்லுப்பா" என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.